சித்தப்பாவின் முறைக்குப் போன நைனா

என் நைனா பகலெல்லாம் வீட்டில் இருந்த ஒரே காலம், நான் நாலாம் வகுப்புப் படித்தபோது வந்தது. ஏரியில் மீன் பிடிப்பதை விட்டு வெளிவேலைக்குப் போனவர் அவர். எங்கள் தீவிலிருந்து படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ், பொன்னேரியில் ரயில் என்று அவர் போய்ச் சேரும் இடத்தில் பெரிய பெரிய இரும்புக் குழாய்களைப் பற்றவைப்பார்கள். பற்றவைத்த இடத்தில் விரிசல் உண்டா என்று கதிரைப் பாய்ச்சிப் படம் எடுப்பது நைனாவின் வேலை. ஆஸ்பத்திரியில் எலும்புக்கு எடுப்பதை அவர் இரும்புக்கு எடுத்தார், அவ்வளவுதான்.

அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அளவுக்கு மேல் பட்டால் உடம்பைக் கெடுத்துவிடும். அதனால் ஆளுக்கு ஒரு பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலை செய்தால், எவ்வளவு கதிர் பட்டது என்பதைப் பிறகு அதைச் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். அளவு ஏறியவரை உட்காரவைத்துவிட்டு வேறு ஆளை அனுப்புவார்கள்.

முறை வைத்து வேலை செய்வது எங்களுக்குப் புதிதல்ல. ஏரியில் வலை கட்டும் இடத்தைப் 'பாடு' என்போம். இன்று இவர், நாளை அவர் என்று அதற்கு முறை உண்டு; அந்த முறையையும் பாடு என்றே சொல்வோம். முறை வந்தவனுக்கு உடம்பு முடியாவிட்டால் அண்ணனோ தம்பியோ அவன் பேரில் போய் வலை கட்டுவார். மீன் முறைக்காரனுக்கே. அதுதான் ஊர் நியாயம்.

நைனா அந்த நியாயத்தைக் கொண்டுபோய் இரும்புக் குழாயில் கட்டிவிட்டார். சித்தப்பாவும் அதே வேலையில்தான் இருந்தார். சித்திக்குப் பிரசவமாகி, சித்தப்பா ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்த நாட்களில், நைனா தன் முறையை முடித்ததும் தன் பேட்ஜைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். தம்பியின் பேட்ஜைக் குத்திக்கொண்டு தம்பியின் முறைக்குப் போவார். அவ்வளவு நாணயமான மனிதர்!

ஒருநாள் பாதுகாப்பு அதிகாரியான ஒரு அம்மாள் பேட்ஜ் நம்பரைப் பார்த்துவிட்டார்.

"தம்பி பாடு மேடம். அதான் அவன் பேட்ஜ குத்திகினு வந்தேன்" என்று நைனா பெருமையாகவே சொன்னாராம்.

"பேட்ஜ் தம்பிது. கதிர் பட்ட ஒடம்பு யாருது?" என்றாராம் அந்த அம்மாள்.

நைனாவின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வேலைப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு.

எனக்குக் கொண்டாட்டம். பள்ளி விட்டதும் நைனாவோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் தடவி இறால் பிடிப்பேன். நான் பிடித்த நேரத்தைவிட அவர் மேல் தண்ணீர் இறைத்த நேரம்தான் அதிகம். அதைவிட அதிசயம் அம்மா. அவள் வாய்க்கு ஊரே பயப்படும். அப்படிப்பட்டவள் நைனாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கூடையைச் சரியாக மூடாமல் நண்டெல்லாம் அடுப்படியில் ஓடியபோதுகூட, பேசாமல் பிடித்துப் போட்டாள். பெரிய நண்டுக்கால் அவர் தட்டுக்கே போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல்களை நீவிவிட்டு, "இன்னாவாச்சும் பண்ணுதா?" என்று கேட்பாள். எல்லார் வீட்டையும்விட எங்கள் வீடு நல்ல வீடு என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் அந்த அதிகாரி போன் செய்தார். நைனா பேசி முடித்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்லையாம். வேலைக்கு வரச் சொல்லிட்டாங்கோ" என்றார்.

அவ்வளவுதான், அம்மா கரண்டியோடு எழுந்தாள். "யோவ், அறிவு இருக்குதா ஒனக்கு? தம்பியோட மொறைக்குப் போனாராம் பெரிய தர்மராசா! ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா ஒன் தம்பியா வந்து என் பொண்ண வளப்பான்?"

அக்கம்பக்கம் கூடிவிட்டது. நைனா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தபடி நின்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே ஓடி அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏம்மா நைனாவத் திட்டுற? நல்லாத்தானம்மா இருந்தோம்!"

அம்மா என்னை இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். திட்டு நிற்கவில்லை, அவள் கண்ணீரும் நிற்கவில்லை. இத்தனை நாள் சந்தோஷமாக இருந்த அம்மாவுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.