மண்டையோட்டுக்குள் பேச்சைத் தேடிய டாக்டரம்மா

டாக்டர் ஞானசுந்தரி இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் அவருடைய தம்பி, வக்கீல் ஆசீர்வாதம். ஆனால் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. நான் காலையில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, காலில் செருப்பில்லாமல், சட்டைக்குப் பொத்தான் போடாமல் வாசலில் வந்து நின்றார். "நாளைக்கு" என்றார். "நாளைக்கு, நாளைக்கு." தலையில் அடிபட்ட நாளிலிருந்து அவர் வாயில் மிஞ்சியிருந்த ஒரே சொல் அது. பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். அவர் கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் கூடவே ஓடினேன்.

டாக்டரம்மா தம் வேலை மேசைமேல் தலை சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு. உடம்பில் சூடு முழுதும் போயிருக்கவில்லை. என்னிடம் வருமுன் ஆசீர்வாதம் அதே தெருவில் வேறு கதவுகளையும் தட்டியிருக்கிறார். பலசரக்குக்கடை அண்ணாச்சி பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எப்பவும் சொல்லுததத்தான் சொல்லுதாருன்னு நெனச்சிட்டேன், டாக்டரய்யா. சரி வக்கீலய்யா, நாளைக்கே பாத்துக்கிடுவோம்னு அனுப்பிட்டேனே!" தம்பி வீட்டை விட்டு இறங்கியபோது அக்காவுக்கு உயிர் இருந்ததா? அது தெரிந்தவர் ஆசீர்வாதம் ஒருவர்தான்.

தென்காசியில் உங்களில் பலருக்கு அவர் பிள்ளைப்பேறு பார்த்த டாக்டரம்மா. அவர் வீட்டுப் பின்கட்டில் மண்டையோடுகள் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். எதற்காக இருந்தன என்பது தெரியாததால்தான் ஊர் பலவிதமாகப் பேசியது. மாட்டாஸ்பத்திரி டாக்டரான நான் அந்த வேலையில் அவரோடு கூட நின்றவன். அதனால் நான் சொல்வதுதான் முறை.

மூளை அழுகிப்போகும் பொருள், மண்ணில் தங்காது. நமக்கு முன் வாழ்ந்து மறைந்த மனித இனங்களின் மூளையை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் உயிரோடிருக்கும்போது மூளை தன் மேடுபள்ளங்களையும், தன்மேல் படர்ந்த இரத்தக் குழாய்களையும் மண்டையோட்டின் உட்சுவரில் பதித்துவிட்டுப் போகிறது. வெறும் மண்டையோட்டுக்குள் ரப்பர்ப் பாலை ஊற்றிச் சுழற்றி, படலம் படலமாகக் காயவிட்டு, அடியிலுள்ள துளை வழியாக மெல்ல உருவினால் அந்தச் சுவடு கைக்கு வந்துவிடும். செங்கோட்டைக்கு அப்பால் உள்ள தோட்டங்களிலிருந்து ரப்பர்ப் பால் ரயிலில் வரும். டின்னைத் திறந்தால் அம்மோனியா நெடியில் கண்ணீர் கொட்டும். டாக்டரம்மா அதை முகந்தபடியே என்னிடம் சொல்வார்: "வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவங்க கை வச்ச தடம் சுவத்துல இருக்கும்லா அண்ணாச்சி, அந்த மாதிரித்தான்."

சென்னையில் உடற்கூறு படிப்பித்துக்கொண்டிருந்தபோதே அவருக்கு இந்தப் பித்துப் பிடித்திருந்தது. தென்னாப்பிரிக்காவில், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் ஆதி இனக் குழந்தையின் மண்டைக்குள் சுண்ணாம்பு இறங்கிக் கல்லாக இறுகி, இயற்கையே அச்செடுத்துக் கொடுத்திருந்ததைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். குரங்கு மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்குரிய இடம் பெரிது. மனிதனில் அது பின்னால் ஒதுங்கிப்போயிருக்கிறது. அந்தக் குழந்தையின் மூளையில் அந்த எல்லை எங்கே இருந்தது என்று அறிஞர்கள் சண்டையிட்டார்கள். அதில் தாமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குக் குரங்கு வகைகளின் அச்சுகள் நிறைய வேண்டும். குற்றாலத்தில் பஸ்ஸில் அடிபட்டும் பாறையில் விழுந்தும் செத்த குரங்குகளை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். காட்டை விட்டு இறங்காத கருமந்தி மட்டும் கிடைக்கவே இல்லை.

சாரல் முடிந்த ஒரு புரட்டாசியில், பழைய குற்றாலத்துக்கு மேலே ஒரு கருமந்தி செத்துக் கிடப்பதாகத் தகவல் வந்தது. நாங்கள் மூவரும் போனோம். ஆசீர்வாதம் அப்போது தென்காசிக் கோர்ட்டில் பேர்போன வாய்க்காரர். வழியெல்லாம் எங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தார். "செத்த குரங்குக்கு எங்கக்கா வக்காலத்து வாங்கிருக்கா. ஆஜராகுதது நான்." பாறைக்குக் கீழே ஒரு விளிம்பில் அது கிடந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "ஆசீர், இறங்கி எடுத்துக் குடுத்திருலே" என்றார்.

"பாசி இல்லக்கா. காஞ்சுதான் கெடக்கு."

அவர் முழுதாகப் பேசிய கடைசி வாக்கியம் அதுதான். கால் வழுக்கியது. இடப்பக்க நெற்றி பாறையில் மோதிய ஓசையை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

மதுரையில் உடைந்த எலும்பை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். பேச்சு திரும்பவில்லை. நாம் பேசுவது அவருக்குப் புரியும், பத்திரிகை வாசிப்பார், வலது கைகூட மெல்லச் சரியாகிவிட்டது. வாயைத் திறந்தால் மட்டும் "நாளைக்கு." கறுப்புக் கோட்டு ஆணியிலேயே தொங்கியது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா அச்செடுப்பதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். மாறாக, பேய் பிடித்ததுபோல் செய்தார். குரங்கை விட்டுவிட்டார். மருத்துவக் கல்லூரிகளிலிருந்து மனித மண்டையோடுகளை இரவல் வாங்கினார். ஒவ்வொரு அச்சிலும் இடது முன்பக்கக் கீழோரத்தில் உள்ள ஒரு சிறு புடைப்பைத் தடவித் தடவிப் பார்ப்பார். பேச்சுக்குரிய இடம் அது என்பார்கள். பிறகு வலப்பக்கம் அதே இடத்தைத் தடவுவார். வலது புடைப்பு பெரிதாக உள்ள மனிதர்கள் இருந்தால், அந்தப் பக்கமும் பேசக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. உட்கார்ந்திருக்கும் தம்பியின் தலையை ஒரு கையாலும் அச்சை மறு கையாலும் அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு மாலை கண்டேன். ஆசீர்வாதம் குழந்தைபோல் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்த சென்னைப் பேராசிரியர் ஒருவர் அந்த அச்சுகளைப் பார்க்க வந்தார். நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு நேர்த்தியான அச்சுகளைத் தாம் கண்டதில்லை என்றார். பிறகு தயங்கியபடி, "இது உருவத்தைக் காட்டும் டாக்டர். அந்த உருவம் என்ன வேலை செய்தது என்று காட்டாது. பெரிதாக இருப்பதாலேயே அது பேசும் என்று சொல்வதற்கில்லை" என்றார்.

"தெரியும் சார்" என்றார் டாக்டரம்மா. "அப்போ வேற எங்க பாக்கணும்?"

 கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடாமலே பேராசிரியர் எழுந்துபோனார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா என் வீட்டுக்கு மூச்சிரைக்க வந்தார். "அண்ணாச்சி, பாடுதான்! கோயில்ல கீர்த்தனை பாடுதான். வார்த்தை முழுசும் வருது!" உண்மைதான். சிறு வயதில் தேவாலயத்தில் பழகிய பாட்டு ராகத்தோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அன்று டாக்டரம்மா முகத்தில் கண்ட வெளிச்சத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை. அதே ராகத்தில் "தண்ணி வேணும்" என்று பாடப் பழக்கினார். "பசிக்கி" என்று பழக்கினார். வாரக்கணக்கில் பழக்கினார். ஆசீர்வாதம் அந்த ராகத்தைத் துளி பிசகாமல் பிடித்தார். பிடித்துக்கொண்டு, "நாளைக்கு, நாளைக்கு" என்று பாடினார். ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ச் சுவரில் தலையை மோதத் தொடங்கினார். டாக்டரம்மா ஓடிப்போய்ச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் தம் உள்ளங்கையை வைத்தார். "விடுலே. போதும்லே. நான்தாம்லே ஒன்ன எறங்கச் சொன்னேன்." விரல்கள் நசுங்கின. கையை அவர் எடுக்கவில்லை.

கடைசி வருஷங்களில் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அச்செடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நிறுத்துனா அவன் அதப் பாத்திருவாம்லா" என்றார்.

அடக்கத்துக்குச் சிவகிரியிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். "இந்தச் சனியனையெல்லாம் வீட்டுக்குள்ள வச்சிருந்தா குடும்பம் எப்படி வெளங்கும்?" என்று பின்கட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மண்டையோடுகளைக் கல்லூரிகளுக்கே திருப்பி அனுப்பினேன். அச்சுகளை ஆஸ்பத்திரி அலமாரியில் வைத்திருக்கிறேன். ரப்பர் நிலைக்காது. பழையவை கறுத்து, பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிட்டன. இரத்தக் குழாய்களின் தடம் சிலவற்றில் மறைந்தேவிட்டது. அவர் செய்த இந்த வேலைக்கு வேறு சாட்சியம் உலகில் எங்கும் இல்லை.

உறவினர் யாரும் அழைக்காததால், அல்லது அழைத்தும் போகாததால், ஆசீர்வாதம் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். அவர் வந்த முதல் நாள் சாப்பாட்டின்போது, "சோறு போடட்டா, தோசை வேணுமா? சோறே போடுதேன்" என்று என் மனைவி ஒரே மூச்சில் சொன்னாள். எனக்குச் சுரீரென்றது. டாக்டரம்மா ஒருநாளும் அப்படிச் செய்தவரில்லை. தம்பியிடம் ஒன்றைக் கேட்டால், கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். வெளியே நோயாளிகள் காத்திருந்தாலும், சோறு ஆறினாலும், தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்காகத் தாம் சொல்லி முடிக்கமாட்டார். "நாம சொல்லிட்டோம்னா, அவன் என்னத்துக்குச் சொல்லணும் அண்ணாச்சி?"

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். இன்று காலை ஆசீர்வாதத்திடம், காப்பி வேண்டுமா மோர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் உதடுகள் அசைந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. நான் வாயை மூடிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.