பிரஷர் நிற்காத பாய்லர்

மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போன என் மனைவி, குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த வாரமே திரும்பி வரும் பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

"டிக்கெட்டை முன்னாடி மாத்துங்க. இங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல. பாத்திரத்தை மெஷின் கழுவுது, துணியை மெஷின் துவைக்குது. எதைத் தொட்டாலும் 'அம்மா, அதைத் தொடாதே'ங்கறா உங்க பொண்ணு."

வருத்தப்படுவதுபோலக் குரலை வைத்துக்கொண்டு கேட்டேன். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். சேலையூர் வீட்டில் தனியாக ஆக்கித் தின்று எனக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. சாப்பாடு மட்டும் காரணமில்லை. அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மாதக் கடைசிக்குள் வரவழைத்துவிட வேண்டும் என்று டிக்கெட் ஏஜென்ட்டிடம்கூடப் பேசி வைத்திருந்தேன்.

அப்போதுதான் மருமகன் பாய்லர் பிரச்சினையோடு ஃபோனில் வந்தார். எனக்கு கேம்ப் ரோட்டில் பைப், மோட்டார் விற்கும் கடை. உலகத்தில் எந்தக் குழாயில் கோளாறு என்றாலும் எனக்குத் தெரியும் என்பது என் குடும்பத்தின் நம்பிக்கை. நானும் அதைக் கெடுத்துக்கொண்டதில்லை.

"மாமா, வீட்டை சூடாக்குற பாய்லர்ல பிரஷரே நிக்க மாட்டேங்குது. மீட்டர் முள்ளை ஒன்றரைக்கு ஏத்தி வெச்சா மறுநாள் அரைக்குக் கீழ வந்து தானா ஆஃப் ஆயிடுது. குழந்தை ரூம்ல கால் வைக்க முடியல. ரிப்பேர்காரர் அடுத்த வாரம்தான் வருவாராம்."

வெளியே மார்ச் மாத வெயில். ஃபேனுக்கு அடியில் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தை வீடியோ காலில் பார்த்தேன். எல்போ வாங்க வந்த பிளம்பர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா, வூட்டை சூடு பண்ண ஒரு மிஷினா? நம்ம வூட்ல அது ஃப்ரீயாவே கீது."

விஷயம் ஒன்றும் பெரிய சூத்திரமில்லை. பாய்லர் தண்ணீரைச் சுடவைத்து அனுப்பும். அறைக்கு அறை சுவரில் மாட்டியிருக்கும் ரேடியேட்டர் என்ற இரும்புப் பலகைக்குள் அது சுற்றி, அறையைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். அதே தண்ணீர்தான் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பிரஷர் இறங்குகிறது என்றால் தண்ணீர் எங்கேயோ வெளியே போகிறது. இதைச் சொல்ல இங்கிலாந்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கழிவுக் குழாயின் வாயில் பிளாஸ்டிக் கவரைக் கட்டச் சொன்னேன். கவர் காய்ந்தே கிடந்தது. ஒவ்வொரு வால்வுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைக்கச் சொன்னேன். ஈரமில்லை. கூரையில் கறையில்லை, தரையில் சொட்டில்லை. பாய்லரை அணைத்து வைத்தால்கூட முள் இறங்கியது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"மாப்ள, ஒவ்வொரு ரேடியேட்டரா இன்னொரு வாட்டி மெதுவா காட்டுங்க."

குழந்தை அறைக்கு வந்தபோது ஜன்னல் மேடையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் தெரிந்தது. எங்கள் வீட்டு டம்ளர். ஊரிலிருந்து அவள் எடுத்துப் போனது. அதன் அடியில் மை கொட்டியதுபோல் கறுப்புத் தண்ணீர். பழைய இரும்புக்குள் கிடந்த தண்ணீர் அப்படித்தான் இருக்கும். மருமகனிடம் ஒன்றும் சொல்லாமல் ஃபோனை வைத்தேன்.

அவர் வேலைக்குக் கிளம்பியிருப்பார் என்று தெரிந்த பிறகு மனைவியை வீடியோ காலில் கூப்பிட்டேன். "அந்த டம்ளர்ல என்னா கறுப்பா?"

"அதுவா? காத்து எடுத்தேன்."

எங்கள் பக்கத்தில் போர் போட்ட வீட்டுக்காரர்களுக்குக் காற்று எடுக்கத் தெரியாமல் இருக்காது. மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. மேலே இருக்கும் திருகைத் தளர்த்திக் காற்றை விட்டு, தண்ணீர் எட்டிப் பார்த்ததும் இறுக்க வேண்டும். மோட்டார் விற்பவன் நான் என்றாலும் எங்கள் வீட்டு மோட்டார் அவள் கைக்குத்தான் கட்டுப்படும்.

"ராத்திரியானா அந்த இரும்புக்குள்ள களக் களக்னு சத்தங்க. புள்ள திடுக்குனு முழிக்குது. பக்கத்துலயே குட்டி சாவி ஒண்ணு இருந்துச்சு. திருகுனா புஸ்ஸுன்னு காத்து. தண்ணி வர்ற வரைக்கும் விட்டு மூடுனேன். அன்னைக்கு புள்ள நல்லா தூங்குச்சு. அதுலேர்ந்து தினமும் எடுக்கறேன். இந்த வீட்ல நானா கண்டுபிடிச்ச ஒரே வேலை."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவள் காற்றையும் கூடவே கொஞ்சம் தண்ணீரையும் வெளியே விடுகிறாள். பிரஷர் இறங்குகிறது. மருமகன் புதுத் தண்ணீரை ஏற்றுகிறார். அதோடு புதுக் காற்றும் போகிறது. மறுபடி களக் களக். மாப்பிள்ளை ஏற்ற, மாமியார் இறக்க, நடுவில் நான் கழிவுக் குழாய்க்குக் கவர் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்தபடி அவளிடம் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்போ புள்ளைய குளிர்ல போட்டது நானா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "அதுக்குத்தான் சொல்றேன், என்னைக் கூப்பிட்டுக்குங்க. உங்க பொண்ணு காதுக்குப் போறதுக்குள்ள வந்துடறேன்."

நான் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த முகத்தோடு அவள் திரும்பி வருவதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

"நீ செஞ்சது தப்பே இல்ல. பாதி வேலை செஞ்சிருக்க. காத்தை எடுத்த கையோட தண்ணிய ஏத்தணும். அந்த மீதிப் பாதியை உனக்கு யாரும் காட்டல. பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு."

சொல்லிவிட்டாள். மறுநாள் மகள் ஃபோனைப் பிடித்துக்கொள்ள, அவள் பாய்லருக்கு அடியில் இருந்த சின்ன வால்வைத் திறந்தாள். முள் ஏறியது. ஒன்றரைக்கு வந்ததும் நான் "போதும்" என்று வாயைத் திறப்பதற்குள் மூடிவிட்டாள்.

"அத்தா, ரூம் முழுக்க சூடு வந்துடுச்சு, சத்தமும் இல்ல," என்றாள் மகள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "இனிமே இது உன் பொறுப்பும்மா. நாங்க ரெண்டு பேரும் கை வைக்க மாட்டோம்," என்றாள். அங்கே போன பிறகு என் மனைவி அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு பிரஷர் இறங்கவில்லை. சில நாள் கழித்து, கடை மூடும் நேரத்துக்கு அவளே கூப்பிட்டாள்.

"டிக்கெட் மாத்திட்டீங்களா?"

"நாளைக்கே மாத்திடறேன்," என்றேன் ஆசையாக.

"மாத்துங்க. ஆனா ரெண்டு மாசம் தள்ளிப் போடுங்க. இங்க இன்னும் குளிர் விடலயாம். பாய்லரை இதுங்க கையில விட்டுட்டு நான் எப்படிங்க வர்றது?"

சரி என்றேன். அவள் குரலில் இருந்த மிடுக்கைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போக மனமில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தொழில் தெரிந்தவனாக இருந்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.