விளக்கு சொன்ன பொய்

என் அண்ணி மகா கஞ்சம். காசில் இல்லை, பேச்சில். "குடிக்கத் தண்ணீர் கொண்டு வரட்டுமா?" என்று மற்றவர்கள் கேட்கும் இடத்தில் அவள் "தண்ணி?" என்பாள், அவ்வளவுதான். வயதில் என்னைவிடச் சின்னவள், முறைக்குத்தான் அண்ணி. என் அண்ணன் பெண் பார்க்கப் போன அன்று தொண்டைத் தண்ணீர் வற்றத் தன் கதையையெல்லாம் கொட்டி முடித்ததும், "சரி" என்று ஒரே சொல்லில் சம்மதித்தவள்.

எல்லாம் அவள் தொழில் கொடுத்த வியாதி. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் திரையின் அடியில் ஓடுகிற தமிழ் வரிகளை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறாள். பேசுகிறவர் வாயை மூடுவதற்குள் பார்க்கிறவர் வாசித்து முடித்துவிட வேண்டுமாம். அதனால் எந்த வாக்கியத்தைக் கண்டாலும் எந்தச் சொல்லை வெட்டலாம் என்றுதான் அவள் கை பரபரக்கும். நான் பேசும்போதுகூட மனசுக்குள் வெட்டிக்கொண்டே இருக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

அண்ணனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் அண்ணி நோயில் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள், பதினாலு வயது. எதை எடுத்தாலும் "இது நல்லா இருக்கு, இது நல்லா இல்லை" என்று தீர்ப்புச் சொல்லாமல் விடமாட்டாள் என்பதால் எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயரே நீதிபதிதான்.

புதிதாக வந்த சித்தியிடம் நீதிபதி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்திருக்கும். போடவில்லை. மரியாதையாக நடந்துகொண்டாள். "வாங்க, போங்க, வேண்டாங்க, நன்றிங்க." எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. அதைவிட மோசம் அந்த "நாங்க."

"நாங்க துண்டை வெளியிலதான் காயப்போடுவோம்."

"நாங்க ஞாயித்துக்கிழமை லேட்டாத்தான் எழுந்திருப்போம்."

அந்த "நாங்க"வுக்குள் அவள் இருந்தாள், அவள் அப்பா இருந்தான், கீழ் மாடியில் குடியிருக்கும் நான்கூட இருந்தேன். அண்ணி மட்டும் வெளியே. ஒரு தடவை "நாம" என்று சொல்லியிருந்தால் என்ன குடியா முழுகிப்போகும்? கல்யாணமாகி ஒரு வருடம் கழிந்தும் அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. அண்ணியும் குறை சொல்கிற ரகம் இல்லை. ஆனால் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம்?" என்று கேட்டாள். அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று அவள் யோசிக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. வெடுக்கென்று பேசுகிற நான், அன்றைக்கு அவளை என் வீட்டுக்கு இழுத்துப்போய்க் காபி போட்டுக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர் வந்தது. வாரத்துக்கு ஒரு பாகம். பனி மூடிய ஒரு துறைமுக ஊர். அங்கே யாராவது இறந்தால் அவர்கள் குரல் ஒரு விளக்குக்குள் போய்விடும். விளக்கு அணைந்தால் அந்த ஆளை எல்லோருமே மறந்துவிடுவார்கள். யாரோ விளக்குகளை அணைத்துக்கொண்டே வருகிறார்கள். விளக்குப் பழுதுபார்க்கிற ஒரு பெண், பெயர் தெரியாத ஒரு விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு துப்பறிகிறாள். இந்த மாயத்துக்கு ஒரு சட்டம் உண்டு. விளக்கின் குரல் எதையும் மறைக்கலாம், பொய் மட்டும் சொல்லக்கூடாது.

நீதிபதி அதில் தலைகால் தெரியாமல் விழுந்துவிட்டாள். அண்ணனும் நானும் சோபாவில் உட்கார்ந்தே ஆக வேண்டும். பாகம் முடிந்ததும் தீர்ப்பு. "மழைச் சத்தம் சூப்பர். யாருமே பேசாம ஒரு நிமிஷம் விட்டாங்க பாரு, அதான் கெத்து. துப்பு எல்லாம் நம்ம கண்ணு முன்னாடியே வைக்கிறாங்க, ஒளிக்கல." குறைகளும் வரும். "அந்தப் பேசற பூனை எதுக்கு? கதை கொஞ்சம் சூடாகும்போதெல்லாம் வந்து மொக்கை ஜோக் அடிக்குது. அப்புறம் அந்த மேயர், அவர் தம்பி, தம்பியோட டாக்டர்... யார் யாருன்னே தெரியல." எனக்குப் பூனையைப் பிடிக்கும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருந்துவிடுவேன்.

அண்ணி சமையலறை வாசலில் நின்று துணி மடித்தபடி பார்ப்பாள். அந்தத் தொடருக்குத் தமிழ் எழுதுவதே அவள்தான் என்பது எனக்கும் அண்ணனுக்கும் மட்டுமே தெரியும். துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் குறிப்புப் புத்தகம் மொழிபெயர்க்கிறாள் என்று நீதிபதி நினைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் பொய்யில்லை, அதையும் செய்வாள். "ஏன் அண்ணி மறைக்கிறீங்க?" என்று கேட்டேன். "தெரிஞ்சா பார்க்கறதை விட்டுடுவா" என்றாள். வாரம் ஒரு முறையாவது குழந்தை தன் வரிகளை வாசிக்கிறாளே என்று அவளுக்கு ஒரு சந்தோஷம்.

முதல் பாகத்தில், அணைந்து கிடந்த அந்தப் பெயர் தெரியாத விளக்கை அந்தப் பெண் பழுதுபார்த்து ஏற்றியதும் அது அவளிடம் ஒரு வாக்கியம் சொல்லும். திரையில் தமிழில் இப்படி வந்தது: "அன்று நாங்கள் கலங்கரை விளக்கத்துக்குப் போனோம்." நீதிபதியின் மொத்த வழக்கும் இதன் மேல்தான் நின்றது. "'நாங்கள்'னு இவ கிட்டயே சொல்லுதுன்னா, இவ அங்க போகலன்னு அர்த்தம். கூடப் போனது வேற ஆள். படகுக்காரன்தான்." எதிர் வீட்டுச் சிநேகிதியிடம் பந்தயமே கட்டிவிட்டாள். அந்தச் சிநேகிதியோ, அந்தப் பெண்ணேதான் குற்றவாளி என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கடைசிப் பாகம் வந்தது. அந்த விளக்கு அவளுடைய சொந்த அண்ணனாம். கலங்கரை விளக்கத்துக்கு அவனோடு போனவள் அவளேதான். அவன் அங்கே இறந்துபோனதைத் தாங்க முடியாமல் அவளே விளக்கை அணைத்துவிட்டு, அணைத்ததையும் மறந்துவிட்டாள். மற்ற விளக்குகளையும் அவள்தான் தூக்கத்தில் நடந்து அணைத்திருக்கிறாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். நீதிபதியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஃப்ராடு! பொய் சொல்லாதுன்னு சட்டம் போட்டுட்டு விளக்கு பொய் சொல்லிடுச்சு. 'நாம்'னுதானே சொல்லியிருக்கணும்? இத்தனை வாரம் நல்லா செஞ்சு கடைசியில ஏமாத்திட்டாங்க. இந்த ஒரு தப்பாலேயே மொத்தத் தொடரும் குப்பை!"

அண்ணன் மெல்ல நழுவிப் பால்கனிக்குப் போய்விட்டான். சமையலறை வாசலில் அண்ணி மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். நானாக இருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். பழியைத் தொடர் சுமந்துகொள்ளட்டும், யாருக்குத் தெரியப் போகிறது?

அண்ணி வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கதை பொய் சொல்லல. அந்த மொழியில 'நாம்', 'நாங்கள்' ரெண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழ் எழுதினவங்க தப்பு அது."

"எழுதினவங்களுக்கு அறிவு வேண்டாமா?"

"எழுதினது நான்."

நீதிபதி என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். குட்டு உடைந்துவிட்டது.

"நீயா?" என்று கத்தினாள். "நீ ஏன் அப்படிப் போட்ட? முடிவு தெரியாமயா எழுதின?"

என்ன வாய் இது என்று அதட்ட எழுந்தேன். அண்ணி என் கையை அழுத்தி உட்கார வைத்துவிட்டாள். பிறகுதான் எனக்கும் உறைத்தது. ஒரு வருட "வாங்க போங்க" எங்கே போயிற்று? இந்தப் பெண் இப்படிக் கத்தியது அவளைப் பெற்றவளிடம் மட்டும்தான்.

"தெரியாது. வாரா வாரம் ஒரு பாகம்தான் எனக்கும் வரும். அந்த இடத்துல வெறும் விளக்கு மட்டும் ரொம்ப நேரம் நிக்குது. வரி மொட்டையா தெரிஞ்சுது. ஒரு சொல் சேர்த்தேன்."

"எப்பவும் பேச்சையே வெட்டற ஆளு, அங்க மட்டும் எதுக்குச் சேர்த்த? அதுவும் அந்தச் சொல்லை?"

அண்ணி மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்டுல ஒரு வருஷமா அந்தச் சொல்லைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன். கை தானா எழுதிடுச்சு."

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டத் தெரிந்திருந்தால் என்னைப் போல் இருந்திருப்பாளே. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நீதிபதியின் காது மடல் சிவந்துவிட்டது. தொலைக்காட்சியில் முடிவுப் பாட்டு ஓடி முடிந்து, வேறு ஏதோ விளம்பரம் வந்தது. யாரும் அணைக்கவில்லை.

நீதிபதி சோபாவில் அண்ணி பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "'நாங்கள்' வேண்டாம். 'நாம்' போட்டா முதல் பாகத்துலயே உடைஞ்சிடும். ரெண்டையும் தூக்கிடு. 'அன்று கலங்கரை விளக்கத்துக்குப் போனோம்.' 'போனோம்'ல யாருன்னு தெரியாதே. விளக்கும் பொய் சொன்னதா ஆகாது."

அண்ணி வாயைப் பிளந்துவிட்டாள். வெட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு அந்த ஒரு வெட்டு தோன்றவில்லை. இரண்டு பேரும் மேசையில் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, தவறு அண்ணியுடையது, திருத்த வேண்டும் என்று அவளுக்கு வேலை தருகிற நிறுவனத்துக்கு எழுதினார்கள். அங்கிருந்து முணுமுணுப்போடு சம்மதம் வந்து, வரியும் மாறிவிட்டது. ஆனால் வீட்டில் வேறெதுவும் மாறினதாக எனக்குத் தெரியவில்லை. நீதிபதி மறுபடி வாயை மூடிக்கொண்டாள். "ங்க"வும் திரும்பி வந்துவிட்டது, கொஞ்சம் தயங்கித் தயங்கி.

அடுத்த வாரம் எதிர் வீட்டுச் சிநேகிதி ஜெயித்த மிதப்பில் வந்து வாசலில் நின்றாள். நானும் அண்ணியும் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம்.

"பார்த்தியா, நான் சொன்னதுதான் நடந்துச்சு. ஆனா அந்தத் தமிழை எழுதினது எந்தக் கூமுட்டையோ, உன்னை நல்லா கவுத்துடுச்சு" என்று சிரித்தாள்.

"ஏய், பார்த்துப் பேசு" என்றாள் நீதிபதி. "அதை எழுதினது எங்க வீட்டு ஆளு. தப்புதான். நாங்க திருத்திட்டோம். போய்த் திரும்பப் போட்டுப் பாரு."

அண்ணியின் கத்தி பாதிக் காயில் நின்றது. அதே "எங்க", அதே "நாங்க". ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இந்த முறை வெளியே நின்றது எதிர் வீட்டுப் பெண்.

அன்று மாலை அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டான். என் அண்ணி அவனை வாசலிலேயே நிறுத்தி, அழைப்பு மணி அடித்ததிலிருந்து அந்தப் பெண் முகம் தொங்கிப் படியிறங்கியது வரைக்கும், ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் முழுக்கதையையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.