சட்டை கழற்றும் நண்டு

எங்கள் மீன் காட்சியகத்தில் அவரை எல்லோரும் நண்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினோரு வருடமாகக் கண்ணாடித் தொட்டிகளைத் தேய்ப்பவர். ஆறாம் தொட்டியில், பவளப்பாறை இடுக்கில் குடியிருக்கும் சிவப்பு நண்டுக்கு அவர்தான் தாய், தகப்பன், வக்கீல் எல்லாம். முதுகு நிறைய வெள்ளைப் புள்ளி, காலில் ஊதா வரி. எந்நேரமும் கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரியே இருக்கும்.

நான் வாசலில் டிக்கெட் கிழிப்பவன். வருடத்துக்கு இரண்டு முறை உள்ளே ஒரே கூச்சலாக இருக்கும், நண்டு செத்துவிட்டதாம். கால், கொடுக்கு எல்லாம் அப்படியே அசையாமல் கிடக்கும். நண்டக்கா ஈரத்துணியோடு வந்து நிற்பார்.

"சாகலங்க. அது வெறும் ஓடு. சட்டையக் கழட்டிப் போட்டிருக்கு. ஆளு பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு. நாலு நாள்ல புதுச் சட்டையோட வரும். அதுக்குள்ள எழவு வீடாக்கிட்டீங்களே."

சொன்னபடி வந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் தொட்டியடியில் வந்து உட்காரும் அவருடைய ஆறு வயது மகள் இதைக் கேட்டே வளர்ந்தவள். சில நாள் அம்மாவுக்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். வாய் அப்படி.

அவள் அப்பா படகில் இயந்திரம் பார்ப்பவர். போன மழைக்காலத்தில் படகு கவிழ்ந்தது. மற்ற மூவரும் பிழைத்து வந்தார்கள். ஒன்பது நாள் தேடியும் அவருடைய சட்டை மட்டும்தான் கிடைத்தது. இரண்டாவது பொத்தானில் சிவப்பு நூல். வெள்ளை நூல் தீர்ந்துபோன அன்று நண்டக்கா தைத்தது. அதைப் பார்த்ததும் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகள் சட்டையை வாங்கி மடித்துக்கொண்டாள்.

"அழாதம்மா. அப்பா சட்டையக் கழட்டிப் போட்டிருக்காரு, அவ்வளவுதான்."

அப்படியில்லை என்று அவளிடம் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியமில்லை. இரண்டு மாதமாக அந்தச் சட்டை அவள் புத்தகப் பையிலேயே இருந்தது. அப்பாவுக்குப் பெரிய உடம்பு, நாள் கூடத்தான் ஆகும் என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

போன வாரம் நண்டு மறுபடி ஓட்டைக் கழற்றியது. நாலாம் நாள் பளபளவென்று வெளியே வந்தது. மகள் கைதட்டினாள். பிறகு பையிலிருந்து சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நண்டு வந்துடுச்சு. அப்பா எப்பம்மா?"

நண்டக்கா துணியைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"நண்டு தானாக் கழட்டுது கண்ணு. அப்பா கழட்டல. தண்ணிதான் கழட்டுச்சு. அப்பா வரமாட்டாரு."

அவள் சட்டையை விரித்து, கீழேயிருந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தாள். சிவப்பு நூல் பொத்தானுக்கு வந்ததும் கை நின்றது. அப்போதுதான் அழுதாள்.