கரைக்குத் திரும்பாத வில்லை

பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது ஆர்டிஸ் ஹவ்லன் கண்ணை மூடி ஜெபித்ததை நான் பார்த்ததே இல்லை. ஹெல்கா ஏரிக்கரையில் எங்கள் சபைகளின் வாலிபர் மாநாடு கோடைக்குக் கோடை ஏழு வாரம் நடக்கும். வாரத்துக்கு இருநூற்று நாற்பது பிள்ளைகள் வருவார்கள். வேலைக்கு நாங்கள் ஐம்பது பேர். எனக்குச் சமையல்கட்டு, ஆர்டிஸுக்கு ஏரி. மத்தியானம் யாராவது போதகர் கரைக்கு வந்து தலைவணங்கச் சொன்னால் மொத்தக் கூட்டமும் தலை குனியும். இவள் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏரியை முறைத்தபடி நிற்பாள்.

ஒரு வருடம் ஒரு போதகர் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார். "ஏம்மா, கர்த்தருக்கு முன்னால ரெண்டு நிமிஷம் கண்ணை மூடினா என்ன குறைஞ்சிரும்?"

"கண்ணைத் தொறந்துக்கிட்டு வேண்டினாலும் அவருக்குக் கேக்கும் பாஸ்டர். நான் மூடிக்கிட்டா தண்ணி சும்மா இருக்குமா?"



நான் சொல்லப்போகிற கோடையில் ஆர்டிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஏரிக்கு இருபத்து மூன்றாவது கோடை. மற்ற மாதங்களில் எங்கள் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். பனி கொட்டும் மாலையில் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்ட பிறகு, எஞ்சினை அணைத்து, பின் இருக்கை வரை நடந்து போய் ஒவ்வொரு இருக்கையின் கீழும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். ஒரு பிள்ளைகூடத் தூங்கிப் போய்விடக் கூடாதாம். வழியில் என் வீட்டுக்கு வருவாளென்று நான் அடுப்பில் வைத்த பால் அதற்குள் பொங்கி வழிந்தே போயிருக்கும். "இப்படி வேலை பார்த்தா நீ செத்த பிறகும் கல்லறையை ஒரு சுத்து சுத்திப் பார்ப்பே" என்று திட்டுவேன். சிரிப்பாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து அதே கேள்வியைத்தான் ரகசியமாகக் கேட்பார்கள். ஆர்டிஸ் குடும்பத்தில் யாராவது தண்ணீரில் மூழ்கிப் போனார்களா? தம்பியா, பிள்ளையா? ஏதோ ஒரு சோகம் இருந்தால்தான் ஒருத்தி வேலையை இவ்வளவு கவனமாகப் பார்ப்பாள் என்று என்னவொரு நினைப்பு! அவளிடமே ஒரு தடவை சொன்னேன்.

"யாரும் சாகல ஜெர்டி. அதனாலதான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

அவளுடைய ஏற்பாடு ஒரு பெரிய மரப்பலகை. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'கரை', வலப்பக்கம் 'தண்ணீர்'. ஆளுக்கொரு தகர வில்லை, அதில் அவரவர் பெயர். தண்ணீரில் இறங்கினால் உங்கள் வில்லையை வலப்பக்க ஆணியில் மாட்ட வேண்டும், ஏறினால் இடப்பக்கம். நாலு மணிக்கு விசில் அடித்து எல்லாரையும் கரையேற்றுவாள். அப்போது வலப்பக்கம் ஒரு வில்லை மிச்சமிருந்தால், கழுத்தில் தொங்கும் பித்தளைக் கொம்பை எடுத்து ஊதிவிடுவாள். அவ்வளவுதான். மாநாடு அந்த இடத்திலேயே நிற்கும். பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடி வரிசையாக உட்கார வேண்டும், மாநாட்டுத் தலைவர் வெர்லின் ஸ்டெய்ன் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். வேலைக்காரர்கள் நாங்கள் எல்லாரும், எழுத்தர், பாட்டுக்காரர், தரை துடைப்பவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல், உடுத்திய துணியோடு தண்ணீரில் இறங்கிக் கைகோத்து, காலால் அடியைத் துழாவிக்கொண்டே நடக்க வேண்டும். மார்பளவுக்கு மேல் ஆழத்தை முக்குளிக்கத் தெரிந்த காவல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதற்குச் சங்கிலி என்று பெயர்.

அந்தக் கோடையில் முதல் மூன்று வாரத்துக்குள் இரண்டு சங்கிலி போட்டோம். இரண்டும் வீண். முதல் முறை ஒரு பயல் வில்லையை மாற்றாமல் குடிலில் போய்ப் படுத்துத் தூங்கியிருந்தான். இரண்டாம் முறை இரண்டு பெண்கள் ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தார்கள். அன்றைக்குத்தான் நான் இருநூற்று நாற்பது பேருக்குக் காட்டரிசி சூப் வைத்திருந்தேன். அடிப்பிடித்துக் கருகி, ஏரிக்கரை முழுக்க வாடை. கோபம் கோபமாக வந்தது. ஈரப் பாவாடையோடு நின்று அந்த இரண்டு பெண்களையும் கண்டபடி ஏசினேன். ஆர்டிஸ் ஏசவில்லை. இரண்டு பேரின் தலையையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, போய்ச் சாப்பிடுங்க" என்றாள்.

ஆனால் விஷயம் அதோடு போகவில்லை. பிள்ளைகள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் செய்தார்கள். ஒரு சபை தன் நாற்பது பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அழைத்துக்கொண்டது. இன்னும் இரண்டு சபைகள் போனால் அடுத்த வருடம் மாநாடே இல்லை. வெர்லின் கெட்டவர் இல்லை. பாவம், நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர். சமையல்கட்டுக்கு வந்து, நான் உருளைக்கிழங்கு உரிக்கும்போதே, என் பக்கத்தில் நின்ற ஆர்டிஸிடம் பேசினார்.

"ஆர்டிஸ், இனிமே ஒரு வில்லை மிச்சமானா முதல்ல என்கிட்ட வந்து சொல்லுங்க. குடில்ல, கடையில தேடிப் பார்ப்போம். பத்து நிமிஷம். அப்புறம் ஊதுங்க."

"அந்தப் பத்து நிமிஷம் பொறுத்துக்கணும்னு தண்ணிக்கு யாரு சொல்றது?"

"விளையாட்டு இல்ல. மூணாவது தடவையும் வெறுமனே ஊதினா அந்தக் கொம்பை வேற ஒருத்தர் கையில குடுத்துருவேன். நீங்க பஸ்ஸோட இருந்துக்கலாம்."

 ஆர்டிஸ் என் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் தோலோடு சேர்த்துச் சீவித் தள்ளினாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வருடத்தில் அவளுக்கென்று இருப்பது இந்த ஏழு வாரம்தான். 

ஐந்தாம் வாரத்துக்கு டென்னசியிலிருந்து ஒரு போதகர் வந்தார். லூசியஸ் கோய்ல். நல்ல உயரம், வெண்கலக் குரல், தும்பைப்பூ மாதிரி வெள்ளைக் கால்சட்டை. அவர் ஆமென் என்றால் ஜன்னல் அதிரும். திங்கட்கிழமையே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கு வந்துவிட்டார்.

"அந்த மிதவை வரைக்கும் நீந்திக் காட்டிட்டு அப்புறம் குளிங்க பாஸ்டர்" என்றாள் ஆர்டிஸ்.

"அம்மா, நான் மிசிசிப்பி ஆத்துல நீந்தி வளர்ந்தவன்!"

"சந்தோஷம். அந்த ஆறு இங்க வந்து சாட்சி சொல்லாது. நீந்துங்க."

பிள்ளைகள் கைதட்டிக் கூச்சல் போட, மனிதர் சிரித்துக்கொண்டே நீந்திக் காட்டினார். விருந்தாளிகளுக்கென்று பலகையில் நாலு வில்லைகள் உண்டு. அவற்றில் பெயர் கிடையாது, வெறும் எண்தான். யார் வந்தாலும் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். ஆர்டிஸின் ஏற்பாட்டில் ஓட்டை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இருபத்து மூன்று வருடமாக யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான்.

வியாழக்கிழமை நாலு மணிக்குக் கரையில் இருப்பவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொண்டுபோனேன். விசில் அடித்தாகிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் ஏறி, வில்லைகளை மாற்றி, துண்டால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு ஓடினார்கள். வலப்பக்கம் ஒரே ஒரு வில்லை தொங்கியது. விருந்தாளி, இரண்டு.

ஆர்டிஸ் காவல்காரர்களைக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரம் போதகரைத் தவிரப் பாட்டுக்குழுவிலிருந்தும் ஐந்தாறு விருந்தாளிகள் இருந்தார்கள். தண்ணீரில் அசைவே இல்லை. வெர்லினின் அலுவலகம் மேட்டுக்கு மேலே, ஓடினால் நாலு நிமிடம்.

"நான் போய் வெர்லின்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் ஊதாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த வில்லைக்குரியவனைப் பற்றிக் கவலையே இல்லை. ஆர்டிஸின் வேலைதான் கவலை.

அவள் கொம்பைக் கையில் எடுத்தாள். "இன்னையோட முடிஞ்சுது ஜெர்டி. பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுக் கொம்பை வாயில் வைத்து ஊதினாள்.

நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். கொம்பைக் கழற்றிப் படித்துறைத் தூணில் மாட்டிவிட்டு ஆர்டிஸ் முதலில் இறங்கினாள். அவள் இடக்கையை நான் பிடித்தேன். வலக்கையைப் பிடித்தவர் போதகர் கோய்ல். மனிதரைப் பாராட்டத்தான் வேண்டும், கால்சட்டையின் வெள்ளையைப் பற்றிக் கொஞ்சமும் யோசிக்காமல் தபதபவென்று இறங்கிவிட்டார். தலைமயிர் ஈரமாக இருந்ததை நான் கவனித்தேன், ஆனால் அந்த அவசரத்தில் மண்டையில் ஏறவில்லை. அடிச்சேறு காலில் குழைந்தது. ஒவ்வொரு அடிக்கும், மெத்தென்று எதுவும் தட்டிவிடக் கூடாதே ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டே காலை நகர்த்தினேன். ஒரு கட்டை தட்டியபோது எனக்கு உயிரே போய் வந்தது.

பாதி தூரம் போயிருப்போம். வெர்லின் மைதானத்திலிருந்து பட்டியலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நிறுத்துங்க! பிள்ளைங்க எல்லாம் இருக்காங்க! இருநூத்தி நாப்பதும் இருக்கு! நான்தான் சொன்னேன்ல ஆர்டிஸ்? எல்லாரும் மேல வாங்க!"

"பிள்ளைங்க மட்டுந்தான் மூழ்குவாங்களா?" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள் அவள். "யாரும் கையை விடாதீங்க. நடங்க."

தலைவர் மேலே வா என்கிறார், இவள் நட என்கிறாள். சங்கிலி ஒரு நிமிடம் தடுமாறியது. எவன் முதலில் கையை விடுவானோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் விடவில்லை. நடந்தோம்.

தண்ணீர் மார்புக்கு வந்தது. போதகர் மூச்சிரைக்கக் கேட்டார்: "அம்மா, யாரைத்தான் தேடுறோம்?"

"தெரியல பாஸ்டர். விருந்தாளி ஒருத்தர். ரெண்டாம் நம்பர் வில்லை."

போதகர் அப்படியே நின்றுவிட்டார். சங்கிலியும் நின்றது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சும்மா இருந்திருக்கலாம். நமக்கென்ன என்று இன்னும் பத்து அடி நடந்து, கரையேறி, கமுக்கமாக வில்லையை மாற்றியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஐம்பது பேர் முன்னால் வெண்கலக் குரல் கம்மிப் போய்ச் சொன்னார்:

"அது நான்தான்."

நீந்திக்கொண்டிருக்கும்போது ராத்திரிக் கூட்டத்துக்கான செய்தி மளமளவென்று மனதில் வந்ததாம். மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று, அந்தப் பக்கத்துப் பாறை வழியாக ஏறி அறைக்கு ஓடிவிட்டாராம். கொம்புச் சத்தம் கேட்டதும், எந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று உடை மாற்றி ஓடி வந்திருக்கிறார். தன்னையே தேட!

எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு சங்கிலி முழுதும் சிரித்தது, நானும்தான். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. அவர் தோளை, புஜத்தை, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "நீங்கதானா? நல்லாயிருக்கீங்களா? நிஜமா நீங்கதானா ரெண்டாம் நம்பர்?" என்று கேட்டுக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதாள். நாற்பது வருடப் பழக்கத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எங்கள் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

கரையில் வெர்லின் தூணிலிருந்து கொம்பைக் கையில் எடுத்துவிட்டார். "மூணாவது தடவை" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "மறுபடியும் வெறுமனே."

போதகர் அவர் பக்கம் திரும்பினார். "வெர்லின், நான் இப்ப நிஜமாவே அடியில கிடந்தேன்னு வச்சுக்குங்க. நீங்க பிள்ளைங்களை எண்ணிட்டீங்க. சரியா இருக்கு. அப்புறம் என்ன செஞ்சிருப்பீங்க?"

வெர்லின் கொம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சாப்பிடப் போயிருப்பீங்க. ராத்திரி கூட்டத்துக்கு ஆளைக் காணோமேன்னு அப்பத்தான் தேடியிருப்பீங்க. இந்தம்மா ஒருத்திதான் எனக்காக இறங்கியிருக்காங்க, அதுவும் நான் யாருன்னே தெரியாம."

 வெர்லின் பட்டியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பட்டியலைத் தரையில் வைத்து, பறக்காமல் ஒரு கல்லையும் தூக்கி வைத்தார். பிறகு செருப்பு, கால்சட்டை, கைக்கடிகாரம் எல்லாவற்றோடும் தண்ணீரில் இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு, எங்களையே பார்த்தபடி வந்தார். நேரே ஆர்டிஸிடம் வந்து கொம்பை அவள் கழுத்தில் மாட்டினார்.

"இனிமே என்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்க வேணாம்" என்றார்.

"இப்ப மட்டும் கேட்டுட்டா ஊதினேன்?" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பிறகு அவர் தண்ணீரில் தனியாக நிற்பதைக் கவனித்து, "கையைப் பிடிங்க. ஜெர்டி, அந்தப் பக்கம் நீ பிடி" என்றாள்.

நான் பிடித்தேன். அப்பப்பா, என்னவொரு பிடி! என் விரல் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. கை பனிக்கட்டியாக இருந்தது, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏரிக்கரையில் பன்னிரண்டு வருடம் மாநாடு நடத்திய அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது.

ஆர்டிஸுக்கு அது எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். சங்கிலி மெதுவாகக் கரைப் பக்கம் திரும்பியபோது, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் அவரிடம் சொன்னாள்:

"திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு வாங்க வெர்லின். அப்ப யாரும் இருக்க மாட்டாங்க. முழங்கால் ஆழத்துல ஆரம்பிக்கலாம்."

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவர் வந்தார்.