காவல் கோபுரத்தில் அம்மா கேட்டது

என் தாய் கேட்ட கேள்வி ஒன்றை நான் விழுங்கிவிட்டேன். அதற்கான பதிலை நானே தயாரித்து, இன்னொருவர் சொன்னதாக அவரிடம் கொடுத்தேன். அவர் நம்பினார். இன்றும் நம்புகிறார்.

இதுதான் என் குற்றம். உங்களுக்குச் சிறியதாகத் தெரிகிறதா? எனக்கும் அன்று அப்படித்தான் தெரிந்தது...

நான் சிறுவயதிலிருந்தே மொழிபெயர்ப்பாளன். தலைநகரின் புறநகரான சார்செல்லின் அடுக்குமாடிகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான். அலுவலகத்தில், வைத்தியரிடம், பள்ளிக்கூடத்தில், பெற்றோருக்கும் பிரான்சுக்கும் நடுவே எங்களுக்கு ஒரு கதிரை போடப்படும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நேரம் இல்லை. இந்தப் பக்கம் இருக்கும் அம்மாவோ, தலைவலியைச் சொல்வதற்கு முந்தைய நாள் வைத்த குழம்பிலிருந்து தொடங்குவார்! நடுவில் இருப்பவன் என்ன செய்வான்? வெட்டுவான். நானும் வெட்டப் பழகினேன். அம்மாவின் ஒரு முழுக் கதை என் வாயில் ஒற்றை வசனமாகச் சுருங்கும். ஆசிரியர் என்னைப் பற்றிச் செய்த முறைப்பாடு அம்மாவின் காதில் பாராட்டாக விழுந்த நாட்களும் உண்டு.

அம்மாவுக்கு அது தெரியாது. எல்லாம் முடிந்ததும் என் முழங்கையைத் தட்டி ஒரே சொல்லைக் கேட்பார்: "என்னவாம்?"

எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென் தெனியில் வரலாறு படித்தேன். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரக்கறிக் கடை ஒன்றில் வேலை. பிரான்சுக்கு வந்த பிறகு அவர் பார்த்த தூரமான இடம் லூர்து மாதா கோவில்தான். ஆகவே, எனக்கு வேலை கிடைத்த முதல் கோடையில் அவரைக் கோர்சிகாத் தீவுக்குக் கூட்டிப்போனேன். அப்பாவுக்கு உணவகத்தில் லீவு கிடைக்கவில்லை.

"இஞ்சரும், ஒரு தீவிலையிருந்து ஓடிவந்த ஆக்களுக்கு இன்னொரு தீவு தேவையோ?" என்றார் அப்பா, வாசலில் நின்று.

"நீங்கள் கோப்பையைக் கழுவுங்கோ. நான் பாத்திட்டு வந்து சொல்லுறன்," என்றார் அம்மா.

அந்தப் பயணத்தில் அம்மாவை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது! இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் என்னை வேறு விதமாக நினைத்துவிடுவீர்கள்... அல்லது, சரியாகவே நினைத்துவிடுவீர்கள்.

பொனிபாசியோவில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் பழைய வீடுகள் நிரையாக நிற்கின்றன. கீழே கடல் பாறையின் அடியை அரித்து உள்ளே போயிருக்கிறது. படகிலிருந்து அண்ணாந்து பார்த்த அம்மா சொன்னார்: "உதிலை வீடு கட்டினவனுக்கு விசரோடா தம்பி?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எண்டாலும் உடுப்புக் காயப்போட நல்ல இடம்."

பியானாவின் சிவந்த பாறைகளில் எல்லோரும் உருவங்கள் தேடுவார்கள். காற்றும் உப்பும் செதுக்கிய கல் அவை. ஒருவருக்கு நாயின் தலை, இன்னொருவருக்குக் கழுகு. அம்மா பாதையின் நடுவிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"உங்கை பார், மாதா பிள்ளையோடை நிக்கிறா!"

பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக் குடும்பம் அவர் விரல் நீட்டிய திசையில் தேடத் தொடங்கியது. அவர்களுக்கு அம்மா தமிழிலேயே விளக்கினார். அவர்களும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் கூச்சமும் வந்தது. அந்தக் கொஞ்சத்தை அன்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள்தான் கோபுரம்.

கோர்சிகாவின் கரையைச் சுற்றிக் கல்லால் கட்டிய காவல் கோபுரங்கள் இருக்கின்றன. ஜெனோவாக்காரர் அந்தத் தீவை ஆண்ட காலத்தவை. கடற்கொள்ளையரின் கப்பல் தெரிந்தால் காவலாளி உச்சியில் நெருப்பு மூட்டுவான். அதைக் கண்டு அடுத்த கோபுரத்தில் மூட்டுவார்கள். கரையில் இருப்பவர்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு மலைக்கு ஓடுவார்கள்.

எங்களுக்கு வழிகாட்டி நரைத்த தலைமுடியும் வெயிலில் கறுத்த முகமுமாக ஒரு பெண். நல்ல மனுசி. அவர் சொன்னதையெல்லாம் நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். வழக்கம்போல வெட்டித்தான். காவலைத் தவறவிட்டவனுக்குக் கடுமையான தண்டனை இருந்தது என்று அவர் ஓரிடத்தில் சொன்னார். ஒருவனுடைய கவனக்குறைவால் ஒரு கிராமமே அடிமையாகப் பிடிபட்டிருக்கலாம், அப்படிப்பட்டவனை ஊரும் மன்னிக்காது என்றார். அந்தப் பகுதியை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அப்போது படி செங்குத்தாக இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றுவதில் இருந்தேன்.

உச்சியில், கேள்வி இருக்கிறதா என்று வழிகாட்டி கேட்டார். ஒருவரும் பேசவில்லை. அம்மா பள்ளிப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினார்.

"தம்பி, கேட்டுச் சொல்லு. நெருப்பு மூட்ட வேண்டியவன் ஒருநாள் மூட்டாமல் விட்டால்? வேணுமெண்டு இல்லை... விளையாட்டிலை மறந்துபோனால்? அவனை என்ன செய்வினமாம்? நாங்களும் கரையிலை சீலை கட்டுறனாங்கள், நேவி வந்து நிண்டால், வாடிக் கம்பிலை, அம்மான்ரை சிவத்தச் சீலையை..."

அம்மாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. வெயில் கொளுத்தியது. தொப்பி போட்ட அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். ஒரு சிறுமி வாயைப் பொத்திச் சிரித்தாள். என் முகம் எரிந்தது... அம்மா இன்னும் முடிக்கவில்லை!

நான் திரும்பி, பிரெஞ்சில் சொன்னேன்: "இடம் மிகவும் அழகாக இருக்கிறது என்கிறார் என் அம்மா."

வழிகாட்டி மகிழ்ந்துபோனார். நன்றி மதாம், மறுபடியும் வாருங்கள் என்றார்.

"என்னவாம்?"

ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. யோசிக்காமலே வந்தது, எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் வந்தது போல:

"ஒண்டும் செய்யமாட்டினமாம் அம்மா. ஆருக்கும் ஒருநாள் கண் தவறும்தானேயாம்."

அம்மா மூன்று எட்டில் அந்தப் பெண்ணிடம் போய், அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். பையைத் திறந்து ஒரு பயத்தம் பணியாரத்தை எடுத்துக் கொடுத்தார். ஒன்றும் விளங்காத வழிகாட்டி அதைக் கடித்து, கண்களை விரித்து, நல்ல ருசி என்று சைகை காட்டினார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. காற்று என்று நினைத்தேன்.

வீடு திரும்பிய பின் ஒரு சனிக்கிழமை, அம்மா கதிரையில் ஏறிச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கையில் சட்டம் போட்ட ஒரு படம். அரும்பு மீசையோடு ஒரு பையன்.

"ஆர் அம்மா?"

"சின்னண்ணை. உன்ரை மாமா."

எனக்கு அப்படி ஒரு மாமா இருந்ததே தெரியாது! கதிரையில் நின்றபடியே அம்மா சொன்னார். அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. கரையில் நேவி வந்து நின்றால், கரைக்கு வர வேண்டாம் என்று கடலில் இருக்கும் வள்ளங்களுக்குத் தெரியும்படி, மீனவர் குடிசையான வாடியின் கம்பில் சிவப்புச் சேலையைக் கட்ட வேண்டும். அது அவருடைய வேலை. அன்று கொக்கான் விளையாட்டு. கையில் கல்லை ஏந்துவதிலேயே கண் இருந்தது. சேலை மடித்தபடி கிடந்தது. சேலை தெரியாததால் சின்னண்ணை வள்ளத்தோடு கரைக்கு வந்துவிட்டார். பிடித்துக் கொண்டுபோன நேவிக்காரர் அவரைத் திருப்பி விடவேயில்லை.

"நான் கட்டேல்லையெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உன்ரை கொப்பருக்கும் சொல்லேல்லை. அந்தப் பொம்பிளை அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிராட்டி, நான் இந்தப் படத்தைப் பெட்டிக்குள்ளையிருந்து எடுத்திருக்கமாட்டன் தம்பி. எவ்வளவு படிச்ச மனுசி! அவவுக்குத் தெரியும்தானே?"

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த மாதமே அம்மா மாமாவின் ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார். கடையில் கத்தரிக்காய் நிறுக்கும்போதும் அந்தக் கோர்சிகாப் பெண்ணைப் பற்றித்தான் கதை. நித்திரை நல்லாய் வருகிறதாம். அப்பாகூட, "உம்மைத் தீவுக்கு அனுப்பினது நல்லதாய்ப் போச்சு" என்கிறார்.

நீங்கள் இப்போது என்னைத் தேற்ற நினைப்பீர்கள். பொய் நல்லதைத்தானே செய்தது என்பீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்! அந்தப் பொய்யை நான் அன்பினால் சொல்லவில்லை. என் அம்மாவை நினைத்து வெட்கப்பட்டேன்... அதனால் சொன்னேன். அவர் தன் வாழ்நாளெல்லாம் ஒளித்து வைத்திருந்ததை, வெயிலில், ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால், என்னை நம்பி எடுத்து வைத்தார். நான் அதைக் குப்பையைப் போல ஓரமாகத் தள்ளினேன். மன்னிப்பு என்று அவர் நெஞ்சில் வைத்திருப்பது என் கூச்சம்!

உண்மையைச் சொன்னால் அந்தப் படம் மறுபடி பெட்டிக்குள் போகும். சொல்லாவிட்டால்? கோவிலில் பாவத்தை அறிக்கையிட, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது விலகி வெளியே வந்துவிட்டேன். சுவாமியார் மன்னித்துவிடுவார் என்ற பயம்...

நேற்று மாலை வேலை முடிந்து அம்மாவைக் கூட்டிவரக் கடைக்குப் போனேன். தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் இரைந்துகொண்டு போக, அம்மா பயத்தம் பருப்புப் பொதியை என் கையில் தந்தார்.

"வாற கோடைக்கும் அங்கை போவம் தம்பி. அவவுக்குப் பணியாரம் கொண்டுபோக வேணும். இன்னொண்டும் கேக்க வேணும். நீதான் வடிவாக் கேட்டுச் சொல்லவேணும்."

"என்ன அம்மா?"

"ஊர் மன்னிச்சது சரி. அந்த வள்ளத்திலை இருந்தவன்... அவனும் மன்னிச்சிருப்பானோ எண்டு."

மெத்ரோ கடந்துபோகும்வரை நான் காத்திருந்தேன்.

"கேப்பியோ?"

"ஓம் அம்மா," என்றேன்.