செவ்வாய்க்கு இரண்டு படம், நோயலுக்கு ஒன்று

படத்தில் புள்ளி தெரிந்தால் முதலில் படத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஆளை அல்ல. பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், கறிக்கடைகளைத் தாண்டி, ஒரு மாடியில் இருந்த எக்ஸ்ரே லேபில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த அர்ஜுனன் கற்றுக்கொண்ட வேதம் அதுதான். வேதம் என்று அவன் காதுபடச் சொல்லிவிட்டால் சண்டைக்கு வருவான். அவன் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கண்டோன்மெண்டில் பௌத்தக் குடும்பம். வீட்டில் புத்தர் படம் ஒன்று மாட்டியிருக்கும். அதற்கும் கற்பூரம் காட்டக் கூடாது என்பது அவன் அப்பா போட்ட சட்டம்.

சிவப்பு பல்பு மட்டும் எரியும் இருட்டறையில், பிலிம் கழுவும் ஹைப்போ மருந்தின் நெடியில், படம் என்னவெல்லாம் பொய் சொல்லும் என்பதை அவன் பார்த்திருந்தான். நகம் பட்டு மடிந்தால் பிலிமில் பிறை விழும். பனிக்காலத்து வறண்ட காற்றில் பிலிமை வெடுக்கென்று உருவினால் மரக்கிளை போல மின்கோடு ஓடும். கழுவுவதற்கு முன்னாலேயே ஹைப்போ துளி ஒன்று தெறித்துவிட்டால் வெள்ளை வட்டம். லேபின் பெரிய டாக்டர் விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டிவிட்டு அவனைக் கூப்பிடுவார்.

"அர்ஜுனன், இது பேஷண்டா, பிலிமா?"

"பிலிம் சார்."

அவ்வளவுதான். டாக்டரின் பேனா அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அர்ஜுனன் அந்த நாற்றத்தில் இத்தனை வருடம் நின்றான் என்று சொன்னால் மிகையில்லை.

ஒருமுறை ஒரு அம்மாள், புருஷனுடைய வயிற்றுப் படத்தில் வாயு கட்டியிருந்த நிழலைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, அது பிள்ளையார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூஜையில் வைக்க இன்னொரு காப்பி வேண்டுமாம். அந்த மனுஷன் வலியில் சுருண்டு பெஞ்சில் கிடந்தான். அர்ஜுனனுக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை வைத்துக்கொண்டு பார்க்கத் தெரியாத ஜனங்களைக் கண்டால் அவனுக்கு அப்படித்தான் குமட்டும்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த சிநேகிதன் நோயல்.

இருவரும் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நோயல் லிங்கராஜபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். இரண்டாயிரமாவது வருடத்தில் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுப் பிரௌசிங் சென்டர் என்று போர்டு மாட்டினான். வந்தவர்கள் பரீட்சை ரிசல்ட் பார்த்தார்கள், சவூதியில் இருக்கும் மாப்பிள்ளைக்கு மெயில் அனுப்பினார்கள். நோயல் மட்டும் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்விட்டான். யார் யாரோ எங்கெங்கோ போட்டிருந்த படங்களையெல்லாம் இறக்கி, பெரிதாக்கி, மை தீரத் தீர பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினான். ஒன்றில் மனித முகம். ஒன்றில் பிரமிடு. ஒன்றில் கண்ணாடிக் குழாய் பூமிக்கடியில் வளைந்து போகிறதாம். எல்லாவற்றிலும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் விட்டதும் அந்தக் கடையில் கூட்டம் சேரும். இயற்கையா, யாரோ செய்ததா? இதுதான் விவாதம். நோயலின் மனைவி பிலோமினா ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்துவிட்டு, இந்தப் பேச்சில் தனக்குப் பங்கில்லை என்பதுபோல உள்ளே போய்விடுவாள். ஒயிட்பீல்டு பக்கம் சாப்ட்வேர் வேலைக்குக் கரூரிலிருந்து வந்து, அதே தெருவில் குடியிருந்த கிஷோர் தவறாமல் வருவான். அர்ஜுனனும் தவறாமல் வருவான். திட்டுவதற்காகவே வருவான்.

"ஒரு குழாய் இவ்ளோ வரிசையா வளையம் வளையமா இயற்கையில வருமாடா? நீயே சொல்லு" என்பான் நோயல்.

"வரும். மணல் அப்பிடித்தான் குவியும். இல்லன்னா போட்டோவுல கறை. உன் மண்டையிலதான் குழாய் ஓடுது."

"எதக் காட்டினாலும் கறைங்குற. மச்சா, உனக்குக் கடவுளே நேர்ல வந்தாலும் கறைதான்."

"ஆமா. வந்தா முதல்ல கழுவித்தான் பாப்பேன்."

கிஷோர் இடையில் புகுவான். "அங்கிள், அங்க பிலிமே கிடையாது. எல்லாம் சிக்னலா வருது. ஹைப்போ எல்லாம் தெறிக்காது."

"சிக்னல்ல தூசி விழாதா? போப்பா சும்னே, சும்மா பேசாத." அர்ஜுனனுக்குச் சிக்னல் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டான்.

அடுத்த வருடம் மே மாதம் அர்ஜுனனுக்குக் கொண்டாட்டம். எழுபத்தாறில் எடுத்த அந்த மனித முகத்தை அமெரிக்காக்காரன் பக்கத்தில் போய்த் துல்லியமாகத் திரும்ப எடுத்து வெளியிட்டிருந்தான். முகமும் இல்லை, மூக்கும் இல்லை. உடைந்து கிடக்கும் ஒரு குன்று. கிஷோர்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். அர்ஜுனன் அதைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் தன் கையாலேயே ஒட்டினான்.

"பாத்துக்கோ. இதுக்குப் பேருதான் வேலை. சந்தேகம் வந்தா இன்னொரு படம் எடு. எங்க லேப்லயும் அதே ரூல்தான். ரெண்டாவது படத்துலயும் அதே இடத்துல நின்னா, அது ஆளு. நிக்கலியா, அது பிலிமு. ரெண்டாவது படம் எடுக்காம வாயத் தொறக்கிறவன் முட்டாளு."

கூட்டம் சிரித்தது. நோயலும் சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இரண்டு மாதமாகவே அந்த இருமல் இருந்தது. கர்ச்சீப்பில் துப்பி, அதை மடித்து, அதே கையால் பிஸ்கட் தட்டை நீட்டினான். அர்ஜுனனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சீ, அந்தக் கையக் கழுவுடா. நாளைக்கு லேபுக்கு வா. ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்."

மறுநாள் மத்தியானம், டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நோயல் வந்தான். சிநேகிதனுக்கு எதற்கு ரசீது? அர்ஜுனன் சட்டையைக் கழற்றச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஒரு நெஞ்சுப் படம் எடுத்தான். லேபில் ஒரு வழக்கம் உண்டு: ரசீது போட்ட படம் கழுவிக் காய்ந்ததும் நேராக டாக்டர் மேசைக்குப் போகும். ரசீது இல்லாத படம் எங்கும் போகாது. எடுத்தவன் சொல்வதுதான் ரிப்போர்ட்.

இருட்டறைக்கு வெளியே நோயல் நின்றுகொண்டு விடாமல் பேசினான். கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிறதாம். எவனோ ஒரு விஞ்ஞானியே சொல்லிவிட்டானாம். உள்ளே அர்ஜுனன் பல்லைக் கடித்துக்கொண்டு பிலிமைத் தொட்டியில் முக்கினான். ஈரப் படத்தைக் கிளிப்பில் மாட்டி வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தபோது, வலது பக்கம் மேலே, விலா எலும்புக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பட்டாணி அளவு.

நோயல்தான் முதலில் பார்த்தான். "அய்யோ மச்சா! எனக்குள்ளயும் ஒண்ணு கெடக்குது பாருடா! இது இயற்கையா, யாரோ செஞ்சதா?"

அவன் வாயைப் பிளந்து கெக்கலித்த விதம் அர்ஜுனனுக்கு அருவருப்பாக இருந்தது. தன் லேபில், தன் படத்தை வைத்துக்கொண்டே இந்தக் கூத்தா?

"ரெண்டும் இல்ல. ஹைப்போ துளி. உன் செவ்வாய் மாதிரியே வெறும் கறை. போய் இருமல் மருந்து குடி."

சொல்லி முடிப்பதற்குள் அவன் கண் ஒன்றைப் பார்த்துவிட்டது. ஹைப்போ துளி என்றால் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கும். இதன் ஓரம் கலங்கலாக இருந்தது. இன்னொரு படம் எடுக்கப் பத்து நிமிடம். அதுகூட வேண்டாம், எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் மருந்துப் பூச்சு உண்டு, துளி ஒரு பக்கத்தில்தான் விழும், படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் மேல்பரப்பைப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும், இரண்டு பக்கமும் சுத்தமென்றால் அது துளி இல்லை, ஆள். ஆனால் சாய்த்துப் பார்த்தால் நோயல் கேட்பான்: என்ன மச்சா, சந்தேகமா? அந்தக் கேள்விக்குப் பயந்து அர்ஜுனன் படத்தைச் சாய்க்கவில்லை. சிநேகிதனின் உயிரைவிட அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையின் வெற்றி அவனுக்குப் பெரிதாகப் போயிற்று. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை.

நோயலோ படத்தைக் காயவைத்துக் கொண்டுபோய், கடை ஜன்னல் கண்ணாடியில், செவ்வாய்க்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டான். வெளிச்சம் பின்னாலிருந்து வந்து புள்ளி பளிச்சென்று தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே ஒரு சீட்டு: 'நோயலுக்குள் மர்மப் பொருள். நிபுணர் தீர்ப்பு: கறை. ஒப்பம், அர்ஜுனன், எக்ஸ்ரே, சிவாஜிநகர்.' ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களெல்லாம் படித்துச் சிரித்தார்கள்.

அர்ஜுனன் அடுத்த ஞாயிறிலிருந்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தான். முன்பு எப்போதும் ஜன்னலைப் பார்த்து உட்காருவான். யாரும் கவனிக்கவில்லை. ஜூன் போய் ஜூலை வந்தது, மழை வந்தது, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டினார்கள். ஒவ்வொரு வாரமும் அவன் முன்னைவிடச் சத்தமாகக் கத்தினான். பிரமிடு என்றால் பாறை என்றான், குழாய் என்றால் மணல் என்றான், கறை என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டான். நோயலின் இருமல் நிற்கவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. ஒருநாள் கிஷோர் கேட்டான், "அங்கிள், நோயல் அங்கிளுக்கு இன்னொரு வாட்டி எடுத்துப் பாத்தா என்ன?"

"ஏன், நான் பாத்தது பத்தலியா?" என்று அர்ஜுனன் சீறினான். பையன் பேச்சைப் பிரமிடுக்கு மாற்றினான்.

ஜனவரியில் நோயல் ரத்தமாகத் துப்பினான். பிலோமினா அர்ஜுனனிடம் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே இரண்டாவது படம் எடுத்தார்கள். அதே வலது பக்கம், அதே இடம். பட்டாணி இப்போது எலுமிச்சம்பழம். பக்கத்தில் இரண்டு குட்டிகள். ஆறேழு மாதம் முன்னாலேயே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். ஆங்கிலத்தில்தான் சொன்னார், பிலோமினாவுக்குப் புரிந்தது.

அர்ஜுனன் வார்டுக்குப் போனான். நோயல் தலையணையில் சாய்ந்து கிடந்தான். கண் மட்டும் பழைய கண்.

"வா மச்சா. ரெண்டாவது போட்டோ வந்துருச்சு. உன் ரூல்படி பாத்தா இது ஆளுதான், பிலிம் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். "ஒரு தபாவாவது நான் ஜெயிச்சேன், ஒத்துக்கோ."

அர்ஜுனனுக்கு வாயில் எச்சில் ஊறிக் கசந்தது. ஓடிப்போய் வராந்தா ஓரத்துக் குழாயடியில் வாந்தி எடுத்தான். இத்தனை காலம் யார் யாரையோ பார்த்துக் குமட்டிய வயிறு அது. பிள்ளையாரைப் பார்த்த அந்த அம்மாளாவது இல்லாததை இருக்கிறது என்றாள். அதனால் யாரும் சாகவில்லை. இருந்ததை இல்லை என்றவன் இவன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனபோது நோயல் தூங்கிவிட்டிருந்தான். ஓரம் கலங்கலாக இருந்ததைத் தான் அன்றே பார்த்ததை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அர்ஜுனன் அதற்குப் பிறகும் நாலு தடவை போனான். நாலு தடவையும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் நோயல் போய்விட்டான்.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு பிலோமினா கடையைத் திறந்தாள். செவ்வாய்ப் படங்களை ஒவ்வொன்றாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். முகம் போயிற்று, குன்று போயிற்று, குழாய் போயிற்று. அர்ஜுனன் உதவி செய்ய வந்தவன்போல வாசலில் நின்றான். ஜன்னலுக்கு வந்தபோது அவள் கிழிக்கவில்லை. டேப்பை நிதானமாக உரித்து, சீட்டோடு அந்தப் படத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"அண்ணா, இத நீங்களே எடுத்துட்டுப் போங்க. கறைன்னுதானே சொன்னீங்க? தொடச்சுப் பாருங்க."

அவள் குரல் உயரவில்லை. அண்ணா என்று கூப்பிடுவதையும் அவள் நிறுத்தவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் காலை, லேபில் யாரும் வருவதற்கு முன்னால், அவன் பஞ்சை நனைத்து அந்தப் படத்தைத் துடைத்தான். சீட்டு ஊறிக் கையோடு வந்தது. சிவப்பு வட்டம் அழிந்து தண்ணீரோடு ஓடியது, புள்ளி அப்படியே நின்றது. பிறகு படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அன்று செய்யாததைச் செய்தான்: சாய்த்து, மேல்பரப்பை வெளிச்சத்தில் பார்த்தான். ஒரு பக்கம் சுத்தமாக இருந்தது. திருப்பினான். மறுபக்கமும் சுத்தமாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சாய்த்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.